ஏர் பிடித்த வண்டி

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு
ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.
நான் வண்டிக்கடியில் கிடந்தேன்.

பதினெட்டுக் குதிரைச் சக்தி, மூன்று சிலிண்டர்.
கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்குள்
குனிந்து குனிந்து உழுதுகொண்டிருந்ததை
தவணைக்காக வங்கி பிடித்துப்போய்
ஏலத்தில் எனக்கு விட்டது.
கியர்பாக்ஸ் மடிப்பில் இன்னும் செம்மண் இருக்கிறது.
திருப்புளியால் சுரண்டியும் போகவில்லை.
வேதாளைக் கரையில் அதற்கு உழவு கிடையாது.
வள்ளம் இழுக்கும்.
ஏற்ற நூற்றைம்பது, இறக்க நூறு.

டீசல் லைனில் காற்று புகுந்தால்
ஏர் பிடிச்சிருச்சு என்பார் மெக்கானிக்.
ஏரை விட்டுக் கடலுக்கு வந்த வண்டி
இங்கேயும் ஏர்தான் பிடிக்கிறது என்று
நான் சொல்லும்போதெல்லாம்
கொழுந்தன் நம்புராசு சிரிப்பான்.
அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பானர்.
ஃபில்டர் தலையில் இருக்கும் சின்னத் திருகை
அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டுக்
கைப்பம்பை அமுக்க வேண்டும்.
நுரை நின்று டீசல்
ஒரே கம்பியாய் வழியும்வரை அமுக்க வேண்டும்.
வழியவில்லை.
நுரை, கொஞ்சம் டீசல், மறுபடி நுரை,
பேச்சை எங்கே முடிப்பதென்று தெரியாத
ஆள் மாதிரி.
கரை முழுக்கக் காற்று.
எனக்கு வேண்டியிருந்தது
கட்டைவிரல் மொத்தக் குழாய்க்குள்
ஒரு குமிழி இல்லாமல் இருப்பது.

நான் பார்க்காமல் விட்டவள் இல்லை.
அச்சு முங்கத் தண்ணீரில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும்
குடம் பன்னிரண்டு ரூபாய் நல்ல தண்ணீரில்
இரண்டு குடம் ஊற்றுவேன்.
(வீட்டில் எங்களுக்கு ஒரு குடம்.)
பழைய கிரீஸ் மணலோடு பிதுங்கும்வரை
புதுசு ஏற்றுவேன்.
பேட்டரி முனையில் பச்சை பூத்தால் வெந்நீர்.
ரிம்முக்குக் கழிவு ஆயில்.
கிளாம்ப்புக்கு அடியில் மட்டும்
பார்த்ததே இல்லை.
அங்கேதான் ஓஸ் வெடித்திருந்தது,
முன்பு எவனோ நைலான் நரம்பு சுற்றிப்
பசை தடவி மறைத்த இடத்தில்.

இந்த மாடலே நின்றுபோச்சு என்றான்
ராமநாதபுரத்துக் கடைக்காரன், போனில்.

அசன்கனி வந்து நின்றார்.
புரட்டாசியிலிருந்து நானூற்றைம்பது பாக்கி.
பணத்தை வைத்துவிட்டு வள்ளத்தைக் கொண்டு வா என்று
பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தேன்.
நுரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார்.
திரும்பி வந்தபோது கையில்
ஒரு முழம் ஓஸ்,
தன் வள்ளத்து எஞ்சினிலிருந்து அறுத்தது.
"கரையில போடப்போற வள்ளத்துக்கு
டீசல் எதுக்கு?"

உள்வாய் கொஞ்சம் பெரிசு.
நூல் சுற்றி இறுக்கினேன்.
நுரை. நுரை. பிறகு கம்பி.
பதினேழாம் நம்பரை எடுத்து
இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன்.
நம்புராசு செல்ஃப் அடிக்க
மூன்றாவது சிலிண்டர் முதலில் இருமியது.
மற்ற இரண்டும் அப்புறம்,
மனசில்லாமல்.

ஒற்றைக்கண் விளக்கில் முப்பத்திநாலு வள்ளம்.
உங்களதை முதலில் ஏற்றிவிடுகிறேன் என்றேன்.
வரிசைன்னா வரிசைதான் என்று
முப்பத்திமூன்றாவதாக நின்றார் அசன்கனி.

புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது.
எங்களுக்கு இரண்டு நாள் தூறல்.
முப்பத்திநாலையும் திருப்பி இறக்க வேண்டும்.
வராத புயலுக்கு எதுக்கு இறக்குகூலி என்றார்கள் சிலர்.
அவர்களோடு சண்டை போட்டு வாங்கினேன்.

அசன்கனி புது ஓஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார்.
பழையதைக் கேட்கவில்லை. நானும் கழற்றவில்லை.
நோட்டில் அந்த நானூற்றைம்பதை
அடிக்கவும் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும்
கிளாம்ப்பைத் தளர்த்தி அடியில் தடவிப் பார்க்கிறேன்.
ஈரம் இல்லை.
அந்த ஒரு முழத்தில் மட்டும்
டீசலைத் தாண்டி
மீன் வாடை.