யாரும் உதைக்கவில்லை

மன்னார்குடி அரசு மருத்துவமனை, பதினான்காம் அறை.
பக்கிரிசாமி குப்புறப் படுத்திருக்கிறார்,
பாதம் மட்டும் கட்டிலுக்கு வெளியே.
கெண்டைக்காலை அமுக்குகிறேன்.
பெயர் வைத்தவன் மீன் பிடித்தவனாகத்தான் இருக்கவேண்டும்:
உயிருள்ள கெண்டையென்றால்
வால் துள்ளும்.
பாதம் சும்மா தொங்குகிறது.

நடந்தது ஆனியில்.
திருத்துறைப்பூண்டி வண்டி, கோட்டூர் நிறுத்தம்.
விசிலடித்துவிட்டு ஓடி எம்பியபோது
டப்பென்று ஒரு சத்தம்.
எவனோ குதிகாலில் உதைத்தான் என்று
திரும்பி விட்டார் ஒரு அறை.
பின்னால் ஓடிவந்தது
ஒன்பதாம் வகுப்புப் பையன்,
கையில் ஜியாமெட்ரி பாக்ஸ்.

இதற்கு முன் வந்தவர்களும் இப்படித்தான்.
ஒருவருக்குக் கல்.
கபடிக்காரருக்குக் கட்டை.
குதிநாண் அறும்போது
முதுகுக்குப் பின்னால் ஓர் எதிரியைச் செய்துவிட்டே அறுகிறது.

சுவரிலிருக்கும் படத்தைக் காட்டிச் சொன்னேன்:
மேலே இரட்டைத் தலைத் தசை,
தொடையெலும்பில் தொடங்கி
இரண்டு மூட்டைத் தாண்டி வரும். ஓட, எம்ப.
அதனடியில் தட்டையாக இன்னொன்று.
இருபத்திரண்டு வருடம் ஆடும் வண்டியில்
உங்களை நிறுத்திவைத்தது அதுதான்.
கடைமடைக்கு இறங்கிய ரத்தத்தை
மேட்டுக்கு இறைக்கும் என்ஜினும் அதுவே.
இரண்டும் ஒரே நாணாகிக் குதியெலும்பில் இறங்கும்.
கணுக்காலுக்குள்ளே ஓர் எலும்பு,
உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல்,
ஒரு தசைகூட அதைப் பிடித்திருக்கவில்லை.

"கண்டக்டரு மாதிரி" என்றார்
தலையணைக்குள்ளிருந்து.
"எல்லாரும் சாய்வாங்க."

தஞ்சாவூரில் தைத்து அனுப்பினார்கள்.
மாவுக்கட்டு, அப்புறம் பூட்ஸ்,
அப்புறம் ரப்பர் பட்டையை நுனிக்காலால் இழுக்கும் பயிற்சி.
மெலிந்துபோன காலை மற்றதோடு வைத்து
டேப்பால் அளந்தேன். மூன்று சென்டிமீட்டர் குறைவு.
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புரட்டாசி.
மறுபடி குப்புறப் படுக்கவைத்து அமுக்கினேன்.
வால் அசைந்தது.
எட்டிப் பார்த்தவர்
"இன்னொரு தடவை" என்றார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்து
இரண்டு குதிகாலும் எழும்பின.
ஒற்றைக்காலில் இன்னும் முடியவில்லை;
நடுக்கம், வேர்வை, ஒரு கெட்டவார்த்தை,
அதற்கு ஒரு மன்னிப்பு.

போகும்போது சீட்டு கேட்டார்.
எழுதினேன்: வலது குதிநாண் தானாக அறுந்தது.
யாரும் உதைக்கவில்லை.
முத்திரையும் வைத்தேன்.

"ரெண்டு காப்பி வேணும்."
ஒன்று பையனுக்கு, புரிகிறது. மற்றது?

டிக்கெட் மடிக்கிற விரலால் நாலாக மடித்தார்.
"எனக்கு.
ராத்திரியில இன்னமும் உதைக்கிறான்."