நான்காம் அத்தியாயம்

பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை
எட்டாகப் பிரித்தவள் நான்தான்.
சோதனை போட வந்தால்
முழுப் புத்தகம் குற்றம்.
இருபது முப்பது தாளென்றால்
அடுப்பெரிக்க வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
கெண்டி மூக்கின் ஆவியில் பசையை இளக்கி
ஆளுக்கொரு அத்தியாயம் கொடுத்தேன்.
அட்டை ஹோஸ்னியாவுக்குப் போனது.
அட்டையில், சோதனைக் குழாயைப் பிடித்தபடி
ஒரு பையன்.

எங்களுக்கு ஆசிரியை கிடையாது.
எவள் மடியில் பாடம் இருக்கிறதோ
அன்றைக்கு அவள் பேசுவாள்,
மற்றவர்கள் ஊசி நூலோடு கேட்போம்.
ஹெராத்தின் இந்தச் சந்துக்கு
நாங்கள் ரஜாய் தைக்கும் பெண்கள்.
"பதினோரு மாதமாக ஒரே ரஜாயா?"
என்றாள் எதிர்வீட்டுக்காரி.
"குளிர் அப்படி" என்றாள் ஹோஸ்னியா.

ஒருத்தி மாவுப் பாத்திரத்தோடு,
ஒருத்தி தயிர்ச் சட்டியோடு,
பத்து நிமிடம் விட்டு விட்டு வருவோம்.
செருப்புகள் கோழிக்கூண்டுக்குள்.
இரண்டு தடவை என் செருப்பில் முட்டை கிடந்தது.

மர்ஜானிடம் நான்காவது இருந்தது.
நூற்றிருபது நாள் காற்று தொடங்கிய வாரம்
அவள் வரவில்லை.
மறுவாரமும்.
பிறகு அவள் தம்பி வந்து
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
நிம்ரோஸில் மாப்பிள்ளை. டயர் கடை.
அவசரமாகப் பெட்டி கட்டினார்கள்.
தாள்களைப் பற்றிக் கேட்க
ஒருத்திக்கும் வாய் வரவில்லை.
கேட்டவள் நான்.
அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கும் முன்பே கேட்டேன்.
இன்னும் கூசுகிறது.

ஐந்தாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:
"சென்ற அத்தியாயத்தில் கண்டபடி..."
என்ன கண்டோம்?
நஸ்தானா எண்ணிப் பார்த்தாள்,
பதினேழு இடத்தில் அதே வாக்கியம்.
பூட்டிய வீட்டைப் பதினேழு ஜன்னல் வழியே
எட்டிப் பார்த்தோம்.
அமிலம் என்று ஒன்று, காரம் என்று ஒன்று,
சேர்ந்தால் உப்பும் நீரும்.
ஏதோ ஒரு தாள் சிவக்குமாம், நீலமாகுமாம்.
எந்தத் தாள்? எந்தக் கடை?
எவள் போய்க் கேட்பது?

காற்று ஓய்ந்தது. மாதுளை வந்தது.
பரீகுல்லுக்குக் கோபம் வந்தால்
எதையாவது நறுக்குவாள்.
அன்று ஒரு பழத்தை உடைத்து
சாறு வழிய வந்து நின்றாள்.
சாற்றில் எலுமிச்சை: இன்னும் சிவப்பு.
சாற்றில் ரொட்டிச் சோடா:
எங்கள் கண்ணெதிரே
கன்றிப்போன தோலின் நிறம்,
அப்புறம் கலங்கிய பச்சை.
யாரோ கத்தினாள்,
யாரோ அவள் வாயைப் பொத்தினாள்.
இருட்டுவதற்குள்
மோர், சாம்பல் தண்ணீர், சோப்பு, தூபாவின் எச்சில்
எல்லாம் ஆயிற்று.
ரஜாயில் விழுந்த கறை வெளுக்கவில்லை.
பூ வேலை என்று சொல்லிவிட்டோம்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே வைக்க
இருபத்திரண்டு பக்கம் எழுதினோம்.
சரியா தப்பா,
சொல்ல ஆளில்லை.

குளிர்காலத்தில் ஹோஸ்னியாவின் அம்மாவின் போனுக்கு
ஒரு குரல் வந்தது.
பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் இரைச்சல்.
தாழ்ந்த குரல், மூச்சு விடாமல்:
"எழுபத்தோராம் பக்கம், மூன்றாவது சமன்பாடு, அச்சுப்பிழை.
இடப்பக்கம் ஒரு ஹைட்ரஜன் குறைகிறது.
நேற்று ராத்திரிதான் பிடித்தேன்.
திருத்திக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதான்.
அவளும் நலமா என்று கேட்கவில்லை.

எழுபத்தோராம் பக்கம் எங்களிடம் ஏது.
எழுதியதற்குப் பக்க எண்ணே போடவில்லை.
நஸ்தானா பென்சிலைச் சீவினாள்.
மூன்றாம் அத்தியாயம் எதில் முடிகிறது என்று
என்னிடம் கேட்டாள்.
ஐம்பத்தேழு என்றேன்.
ஐம்பத்தெட்டிலிருந்து
போட ஆரம்பித்தாள்.