மூன்றாவது பந்து

மரிவேலெஸ் ஆலை. இரவு முறை.
இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் வாய் பொருந்துகையில்
கொட்டகைக் காற்றில் ஒரு மிடறு
உள்ளே மாட்டிக்கொள்கிறது.
அதன்மேல் எர்லிண்டா போர்த்துகிற கம்பளி:
இடை சிறுத்த இரண்டு துண்டுகள்
ஒன்றையொன்று கவ்விக்கொள்ள
நடுவே வெள்ளைப் பசையின் வளைகோடு.
நகக்கண்ணில் ஏறிய பசை
ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கூடவே வரும்.

உணவுக்கூடத் தொலைக்காட்சியில்
எங்கோ பகல், புல்தரை.
ஆட்டக்காரி மூன்று பந்து வாங்கி
உருட்டி உருட்டிப் பார்த்து
ஒன்றைப் பின்னால் எறிகிறாள்.

"அதுக்கு என்னடி குறை?"
தட்டோடு எழுந்துவிட்டாள் எர்லிண்டா.

தெல்மா நிமிரவில்லை.
ஆடுகிற மேசையின் காலுக்கு மாட்ட
கழித்த பந்தொன்றைக் கீறிக்கொண்டிருக்கிறாள்.
கத்தி இறங்கியதும்
அடைபட்ட காற்று
புஸ்ஸென்று
கொட்டகைக்கே திரும்புகிறது.