காதுக் குறி

கிளாக்ஸ்விக் துறையில், படகுக்கு
வெள்ளை அடிக்கையில் இருமினான் ரோக்வி.
பலகையில் சிவப்பு.
"சிவப்பு டப்பாவை நான் இன்னும் திறக்கவேயில்லையே" என்றான்.

கோப்பன்ஹேகனுக்கு விமானம்.
சிறுநீர் கட்டன்சாயா நிறம்.
நுரையீரலிலும் சிறுநீரகத்திலும்
ஒரே மாதிரி மெல்லிய சவ்வாம்;
அதை அந்நியமென்று எண்ணி
உடம்பே கடிக்கிறதாம்.
டாக்டர் சொல்லச் சொல்ல
இவன் ஆடுகளைப் பற்றியே என்னிடம் கேட்டான்.

மூடுபனியிலும்
காதைத் தடவியே ஆளைச் சொல்பவன்:
வலக்காதில் வெட்டு, இடக்காது நுனியில் பிளவு என்றால்
தன்னுடையது,
மற்றது ஹன்னஸினது.
ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இயந்திரம் ரத்தத்தைப் பிரித்து
மஞ்சள் நீரைப் பைபையாய் ஒதுக்கியது.
மூச்சு திரும்பியது.
சிறுநீரகம் திரும்பவில்லை.

பதினோராம் இரவு, கண் திறக்காமல்
என் காதைத் தடவினான்.
தோட்டுத் துளையில்
விரல் நின்றது.