பலகை பதினேழு

பதின்மூன்று சீட்டையும் மேசையில் விரித்ததோடு
என் வேலை முடிந்தது.
இனி நான் டம்மி.
அவள் சொல்லும் சீட்டை எடுத்து வைக்க ஒரு கை;
அதற்குமேல் புருவம்கூட அசையக் கூடாது.

பர்னு நகரம், ஜூலை, இரவு பத்து மணி.
சேற்றுக்குளியல் விடுதியின் நடனக்கூடத்தில்
இன்னும் வெயில், சாய்ந்தபடி.
ஆறு ஸ்பேட் கேட்டிருந்தோம்.
துணிந்து கேட்டது நான்.

ஐவர்ஸ் ஹார்ட் ராஜாவை இறக்கினார்.
லியெபாயா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
சீட்டையும் கொக்கியிலிருந்து இறக்குவதுபோலத்தான் இறக்குவார்.
என் ஆஸ் அதை எடுத்தது.
ஹார்ட்டில் ஒரு பிடி போகும், தடுக்க வழியில்லை.
மிச்சமெல்லாம்
டைமண்ட் ராணி யாரிடம் என்பதில்.

என்னிடம் ராஜா, ஜாக்கி. ஹெல்வெயிடம் ஆஸ், பத்து.
அவளை இடப்பக்கமும் பிடிக்கலாம், வலப்பக்கமும் பிடிக்கலாம்,
அதாவது எந்தப் பக்கமும் கோட்டைவிடலாம்.
பூவா தலையா.
நானாக இருந்தால் டைனிஸைக் குறிவைத்திருப்பேன்.
திரைக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்து
காதுமடலைத் தடவிக்கொண்டேயிருந்தான்,
எதையோ ஒளித்தவன் மாதிரி.

ஹெல்வெ குதிரை வைத்தியர்.
வயிற்றில் குட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதென்று
ஊகிக்க மாட்டாள்.
தோள்வரை கையை விட்டுப் பார்ப்பாள்.

நான்கு நிமிடம் அசையவில்லை.
பிறகு துருப்பு, மூன்று சுற்று.
கிளாவர் ஆஸ். கிளாவர் ராஜா.
ஆறைப் போட்டு என் கிளாவர் ராணிக்கு வந்தாள்.
"சின்னது" என்றாள்.
என் கடைசிக் கிளாவரை நகர்த்தினேன்.
தன் துருப்பால் வெட்டினாள்.
எதற்கு?
அந்த வெட்டால் ஒரு பிடியும் கூடவில்லை.
வீடு காலி செய்கிறவள்
சுவரிலிருந்து ஆணியையும் பிடுங்குவதுபோல.
அப்போதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது.
டம்மிக்கு முதுகு சில்லிடலாம், சட்டத்தில் தடையில்லை.

ஹார்ட் ஏழு.
இந்தா, உனக்குச் சேர வேண்டியது,
என்று கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினாள்.

ஐவர்ஸ் எடுத்தார்.
எடுத்த கை மேசைமேலேயே நின்றுவிட்டது.
டைமண்ட் போட்டால் ராணியை அவரே காட்டிக்கொடுக்க வேண்டும்.
வேறெதைப் போட்டாலும்
ஒரு கையில் வெட்டு, மறு கையில் கழிவு.
கிரேனில் இருபது வருஷம்;
இறக்க இடமில்லாத பெட்டியோடு
இப்படி அந்தரத்தில் நின்றிருக்க மாட்டார்.

கடைசியில் இன்னொரு ஹார்ட்.
என் கடைசித் துருப்பால் வெட்டச் சொல்லி
டைமண்ட் ஐந்தைக் கழித்தாள்.
மிச்சம் மூன்றையும் திருப்பிக் காட்டினாள்.
ஐவர்ஸ் தலையசைத்தார்.
டைமண்ட் ராணி
யார் கையிலிருந்தாளோ,
முகம் காட்டாமலே பலகைக்குள் திரும்பிப் போனாள்.
தொள்ளாயிரத்து எண்பது.

நள்ளிரவில் கணக்கு ஒப்பிட்டோம்.
மறு மேசையில் இதே சீட்டுகளோடு ரெயனிஸ், வயது பத்தொன்பது.
டைமண்ட் பத்தை ஓடவிட்டானாம்.
பக்கத்திலிருந்த நம் கேப்டன் கல்யு
கூரையைப் பார்த்தானாம், அதை வைத்து.
"ஈ பறந்தது" என்றான் கல்யு.
ராணி அவனிடம்தான் இருந்தாள்.
அங்கேயும் தொள்ளாயிரத்து எண்பது.

இரண்டையும் கழித்துப் பதினேழாம் கட்டத்தில்
பூஜ்யம் போட்டான்.
முட்டைக்கு வால் முளைத்ததுபோல் கோணலாக.
"சமம். அடுத்தது?"

நான் ஹெல்வெ பக்கம் திரும்பினேன்.
"அப்படியென்றால் ராணி ஐவர்ஸிடம்..."
கறுப்பு ரொட்டியில் புகைபோட்ட மீனை அடுக்கிக்கொண்டிருந்தவள்
வெண்ணெய்க் கத்தியை உயர்த்தினாள்.
"நான் கேட்டேனா?"

ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கிய பிறகு:
"ஆறு ஸ்பேட்.
எதைப் பார்த்துக் கேட்டாய் நீ?"