காரணம்

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி.
ஒன்பது கிலோ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
இரண்டாம் வளைவு தாண்டியதும் அது பொய்.

சிங்கம்புணரியில் பஸ் இறங்கி
ஒரு டீ, இரண்டு பருப்பு வடை.
வனத்துறை ஜீப் அடிவாரம் வரை வந்தது.
அதற்கு மேல் டிரைவர் கையைத்தான் நீட்டினார்:
"ஒத்தையடிப் பாதை, தப்ப முடியாது."

பங்குனியின் கடைசி வாரம்.
இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த சுக்குநாறிப் புல்
நடக்க நடக்கக் காகிதம் போலக் கசங்கியது.
துண்டை மடித்துத் தோளில் வைத்து
அதன் மேல் பேட்டரி.
இந்தத் தோள், அந்தத் தோள்,
கொஞ்ச தூரம் கைக்குழந்தை மாதிரி,
மறுபடி இந்தத் தோள்.

மூன்றாம் வளைவில் ஓர் உசிலை மரம்.
அதன் நிழலில் ஆள் உட்காரக் குழிந்த பாறை.
உட்கார்ந்தேன், ஒரு பீடி.
கீழே ஜீப் ஹாரன் அடித்தது, என்னை அல்ல, ஏதோ மாட்டை.
எழுந்து பேட்டரியைத் தோளேற்றினேன்.

உச்சியில் நான்கு இரும்புக் கால்கள், ஒரு தகரக் கூரை.
சேவுகமூர்த்தி கைலிக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.
மாசியிலிருந்து ஆனி வரை தினக்கூலி.
பத்து நாளாக வயர்லெஸ் ஊமை.
"புகையைப் பாத்தா ஓடி எறங்கித்தான் சொல்லணும்.
நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது எனக்கு முன்னால போயிரும்."

நான் ஸ்பானரை எடுக்க
அவர் தட்டையான ஊர்களைக் காட்டினார்.
வற்றிய கண்மாய்கள் உப்புத்தாள் மாதிரிக் கிடந்தன.
"அது நார் ஆலை. அது செங்கச் சூளை, இன்னும் ரெண்டு நாள் எரியும்.
அந்தா வெள்ளையா, செட்டியார் வீட்டுக் கல்யாணம்,
பந்தி முடிஞ்சா நின்னுரும்.
ஒல்லியா போறது சுடுகாடு.
ராத்திரி கொட்டுச் சத்தம் கேட்டுச்சு."

சிவப்பு ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.
அவர் பேச்சு நின்றது.
"இது யாருன்னு தெரியலையே."

பெட்டி இரைந்து உயிர் பெற்றது.
கீழிருந்து ஒரு குரல் இடம் கேட்டது.
அவர் கண்ணைச் சுருக்கினார். கிழக்குச் சரிவு,
புல்லும் புகையும் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை.
நான் சொன்னேன்:
"மூணாம் வளைவு. உசிலை மரத்தடிப் பாறை.
பாறைக்கு இடது பக்கம்."

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு அதை அப்படியே,
ஒரு சொல் விடாமல், மைக்கில் சொன்னார்.

ஓடினோம். வழியில் பச்சைக் கிளை ஒடித்தோம்.
ஐந்தாறு கட்டில் போடுகிற அகலத்துக்குள்தான் இருந்தது தீ,
காற்று இன்னும் அதைப் பார்க்கவில்லை.
நான் ஓங்கி அடித்தேன், பொறி பறந்தது.
"அடிக்காதீங்க. அமுக்குங்க."
அமுக்கினேன். புருவம் கருகும் வாசனை வந்தது, என்னுடையது.

அணைந்த பிறகு, கருகலின் ஓரத்தில்
கௌதாரி விட்டுப்போன மூன்று முட்டைகள்.
தொட்டேன். சூடாக இருந்தன.
அடைகாத்த சூடா, மற்ற சூடா,
விரலுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டூல்பாக்ஸுக்காக மறுபடி ஏறினோம், பேசாமல்.
அவர் நீள நோட்டைத் திறந்தார்.
நாள். நேரம். இடம். பரப்பு.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
"இத மட்டும் நீங்க எழுதுங்க.
என் எழுத்து ரேஞ்சருக்குப் புரியாது."
மற்ற நான்கு கட்டங்களிலும்
அவர் எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

பீடி, என்று எழுதினேன்.
யாருடையது என்று கேட்க
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

அதே வரியின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
பேட்டரி வந்து சேர்ந்ததற்கு
என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.