அட்டை இல்லாத வண்டி

ஹான்கு கணவாய்க்குக் கீழே, சுங்கச்சாவடியில்,
நான்காம் கூண்டு எனக்கு. இரவுப் பணி.
மஞ்சள் ஆற்றிலிருந்து ஏறி வந்த பனி
தடுப்புக்கட்டையின் சிவப்பை விழுங்கியிருந்தது.
இரண்டரை மணிக்கு ஒரு சாம்பல்நிறக் கார்.
கண்ணாடி இறங்கியதும்
முதலில் வெளியே வந்தது சண்டைதான்.

"அப்படி ஓர் ஆளே இல்லை" என்றார் ஓட்டி வந்தவர்.
"லாவோ என்றால் கிழம், ட்சு என்றால் ஆசான்.
கிழட்டு ஆசான் என்பது ஒரு பேரா?
எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது பேர் தேறுவார்கள்."
"பழைய வரலாற்றில் இருக்கிறதே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.
"எழுதியவரே மூன்று ஆட்களைக் காட்டிவிட்டு
இவரோ அவரோ என்று கையை விரித்துவிட்டார்.
வயது நூற்றறுபதாம். இருநூறு என்பாரும் உண்டாம்.
அதுவரை ஒரு முழங்கால் வலிகூட இல்லாமல்!"

அட்டை, என்றேன்.

தேடினார்கள்.
கருத்தரங்கத் தாள்கள், ஆரஞ்சுத் தோல்,
யாருடையதோ ஒற்றைக் கையுறை.
கைப்பேசி விளக்கைப் பல்லில் கடித்தபடி
இருக்கைக்கு அடியிலிருந்து கேட்டது உண்டு என்கிறவரின் குரல்:
"கல்லறையில் மூங்கில் ஏடுகள் கிடைத்தனவே, அது?"
"அது நூலுக்குச் சாட்சி.
ஆளுக்கு இல்லை."

அட்டையும் இல்லை.

விதியைச் சொன்னேன்.
எங்கே ஏறினீர்கள் என்று காட்ட முடியாவிட்டால்
சாலையின் கடைசி முனையிலிருந்து வந்ததாகக் கணக்கு.
அத்தனை தூரத்துக்கும் கட்டணம்.
ஆற்றுக்கு மூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
சாவடியில் அதை மட்டும்தான் பார்க்கிறோம்.

"லுவோயாங்கில் ஏறினோம், அம்மா!"
இல்லை என்கிறவரின் கழுத்து நரம்பு புடைத்தது.
"என் முகத்தைப் பார்த்தால் பொய்யன் மாதிரியா தெரிகிறது?"
மற்றவர் சிரித்தே விட்டார்:
"அந்தக் கிழவரும் லுவோயாங்கிலிருந்துதான் புறப்பட்டார் என்பார்கள்.
அவரிடமும் அட்டை இல்லை."

என் பெயர் ஜூ யிங்ஹே. பத்தாம் வகுப்போடு சரி.
எருதின் மேல் வந்த கிழவரை நிறுத்தி
எழுதித் தந்துவிட்டுப் போ என்று கேட்ட காவலனைப் பற்றி
கணவாயின் அறிவிப்புப் பலகையில் உள்ளது தவிர
வேறொன்றும் படித்ததில்லை.
ஆனால் அவன் உத்தியோகம் எனக்குத் தெரியும்.
கால் விறைக்கும் இரவில், போகிற எவரையும்
இன்னும் நாலு நிமிடம் நிறுத்திவைக்கத் தோன்றும்.
ஏட்டை நீட்டுவது ஒரு சாக்கு.
அப்படி ஓர் ஆசை இருந்த காவலன் இருந்திருப்பான்.
வந்தவரைப் பற்றி நான் சொல்வதற்கில்லை.

படிவத்தை நீட்டினேன்.
பெயர்: கெ ஷாவோதிங். வயது: ஐம்பத்தெட்டு.
ஏறிய இடம் எழுதினார். ஏறிய நேரம்
எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.
சாட்சி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
உண்டு என்கிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி
வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.
மு யான்செங். எழுத்து கோணல், மை கசிந்தது.
லுவோயாங் கட்டணத்தையே வாங்கிக்கொண்டேன்.
ஏன் என்று மேலதிகாரி கேட்டால்
பதில் இன்னும் தயாரிக்கவில்லை.

கட்டை எழுந்தது. மேற்கே போனார்கள்.
பின்விளக்குகள் இரண்டும் பனியில் ஒன்றாகி
அந்த ஒன்றும் அணைந்தது.

கேமரா முப்பது நாள் வைத்திருக்கும்,
பிறகு தன்மேல் தானே எழுதிக்கொள்ளும்.
படிவங்கள் மூட்டைக்குப் போகும், மூட்டை அரவைக்கு.
அதன்பிறகு யாராவது வந்து
இப்படி இருவர் போனார்களா என்று கேட்டால்
ஆரஞ்சு வாசனை அடித்தது என்பேன்.
எழுதும்போது ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்பேன்.
எந்தக் கைக்குக் கையுறை என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன்.
இடதோ, வலதோ.
இப்போதே இரண்டும் சரியாகப் படுகிறது.

அடுத்து ஆப்பிள் லாரி.
ஓட்டுநர் அட்டையைத் தந்தான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.